64 கட்டங்கள்

2024 ஜூன் 2, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் இன்றைக்கு வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம், 9ஆம் அதிகாரம். நோவாவின் பிள்ளைகள் சேம், காம், யாப்பேத் மூன்று பேராலும் பூமியெங்கும் ஜனங்கள் பரவினார்கள் என்று சொல்லி முடிக்கிற நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு கை எழும்பியது. பத்து வயதுப் பெண்.

"டீச்சர், எல்லாரும் ஆதாம் ஏவாள் பிள்ளைங்கதானே? அப்புறம் ஏன் சில பேர் கறுப்பு, சில பேர் வெள்ளை?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். பதில் தெரியாமல் இல்லை. ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இதே கேள்வியை ஒரு பையன் கேட்டான். "அது காமுக்கு வந்த சாபம்" என்று பட்டென்று சொன்னேன். சின்ன வயதில் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். வகுப்பிலேயே கறுத்த பையன் அவன்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவனைப் பார்த்தார்கள். மேசை மேல் இருந்த இரண்டு கைகளையும் அவன் மெதுவாகக் கீழே இறக்கி மறைத்துக்கொண்டான். இத்தனை வருடமும் அது கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜூன் 3, திங்கள்

அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். "கானான் சபிக்கப்பட்டவன்" என்றுதான் இருக்கிறது. காம் என்று இல்லை. தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காமுக்குப் பிள்ளைகள் நான்கு பேர்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். எகிப்துக்குத் தெற்கே இருந்த கறுப்பு மக்களை வேதாகமம் கூஷ் என்ற பெயரால் அழைக்கிறது. சாபம் கூஷைத் தொடவே இல்லை. ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்றவர்களுக்கு ஒரு வசனம் தேவைப்பட்டது, இதை இழுத்து வளைத்துக்கொண்டார்கள். அந்த வளைந்த வசனத்தைத்தான் நானும் ஒரு பிள்ளையின் தலையில் வைத்தேன்.

எண்ணாகமம் 12ஐயும் எடுத்துப் பார்த்தேன். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக அவன் அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவனுக்கு விரோதமாகப் பேசினார்கள். கர்த்தருடைய கோபம் அவர்கள் மேல் வந்தது. தண்டனை யார் மேல் விழுந்தது? மிரியாம் மேல். குஷ்டம் பிடித்து, உறைந்த மழையைப் போல வெளுத்துப்போனாள். எத்தனையோ முறை வாசித்த பகுதி. அந்த வெண்மையை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஜூன் 5, புதன்

அண்ணன் மகள் மரபியல் படிக்கிறாள். போன் செய்து கேட்டேன். சிரிப்பாளோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, ஒரு மணி நேரம் பேசினாள்.

நிறத்தைத் தருகிற மெலனோசைட் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றனவாம். அவை தயாரிக்கிற மெலனின் என்ற நிறப்பொருள் எவ்வளவு, எந்த வகை, எவ்வளவு பெரிய பொட்டலங்களில் போகிறது என்பதில்தான் வித்தியாசம். வெயில் கடுமையான இடத்தில் புற ஊதாக் கதிர் உடம்பிலுள்ள ஃபோலேட் என்ற சத்தை அழிக்கும். கருவில் பிள்ளை வளர ஃபோலேட் வேண்டும், அதனால் அங்கே கறுத்த தோல் காவல். வெயில் குறைந்த இடத்தில் வைட்டமின் டி உண்டாக வேண்டும், அங்கே வெளுத்த தோல் உதவி. நீனா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் இதை உலக வரைபடத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்களாம்.

"அத்தை, ஒரு கிராஃப் தாள் எடுங்க" என்றாள். நிறத்துக்கு மூன்று மரபணு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் நிறையவே உண்டு, இது கணக்குக்காக. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு எழுத்து, ஒரு வெளுப்பு எழுத்து. அப்பா அம்மா இரண்டு பேரும் நடுத்தர மாநிறம். மூன்று மரபணுவிலிருந்தும் ஒவ்வொரு எழுத்தை எடுத்தால், ஒருவர் பிள்ளைக்குத் தரக்கூடிய சேர்க்கை எட்டு. அப்பாவுடையது மேலே எட்டு, அம்மாவுடையது பக்கத்தில் எட்டு, மொத்தம் 64 கட்டம். எழுதி எண்ணிப் பார்த்தேன். மிகக் கறுப்பு ஒன்று, மிக வெளுப்பு ஒன்று, நடு நிறம் 20. மொத்தம் ஏழு சாயல். ஒரே தாய் தகப்பனுக்கு!

ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஜூன் 8, சனி

இன்றைக்கு அவளே கூப்பிட்டாள். "அத்தை, அந்தக் கட்டத்தைக் காட்டி, ரெண்டு பேரிலிருந்துதான் எல்லாரும் வந்தாங்கன்னு நிரூபிச்சாச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொல்லத்தான் இருந்தேன்.

பொறுமையாக விளக்கினாள். ஒரு ஆளிடம் எந்த மரபணுவுக்கும் இரண்டு பிரதிதான் இருக்கும். இரண்டு பேரிடம் சேர்த்து அதிகம் போனால் நான்கு வடிவம். ஆனால் நோய் எதிர்ப்போடு சம்பந்தப்பட்ட எச்.எல்.ஏ. மரபணுக்கள் சிலவற்றில் இன்றைக்கு ஆயிரக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. மாற்றங்கள் புதிதாக வரும், உண்மைதான். அவ்வளவும் சில ஆயிரம் வருடத்தில் வர இடமில்லை. மனிதர்கள் முழுக்க இரண்டே பேராகச் சுருங்கியிருந்தால் அதற்கான தழும்பு டிஎன்ஏவில் இருக்கும், அண்மைய சில லட்சம் ஆண்டுகளுக்குள் அப்படி ஒன்று தென்படவில்லை என்றாள்.

"மைட்டோகாண்ட்ரியா ஏவாள்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்து 1987இல் வெளிவந்த ஆய்வு அது. சுமார் 2 லட்சம் ஆண்டுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு தாயிடம் நம் எல்லாருடைய தாய்வழியும் போய்ச் சேர்கிறது. ஆனால் அவள் காலத்தில் அவள் ஒருத்திதான் பெண் என்று அதற்கு அர்த்தம் இல்லையாம். பேருக்கு மயங்கிவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. என் விசுவாசத்துக்குத் துணையாக ஒரு பாதி உண்மையை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏற்கனவே ஒரு முறை அப்படிச் செய்து ஒரு பிள்ளையைக் காயப்படுத்தியிருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

பிள்ளைகளுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்தேன். 64 கட்டத்தையும் நிறம் தீட்டினார்கள். நடுவில் பழுப்பு குவிந்து, ஓரங்களில் மங்கிக்கொண்டே போனது. "இது ஆதாம் குடும்பமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். "ஒரே குடும்பத்துக்குள் எத்தனை நிறம் வர முடியும் என்று மட்டும் இது காட்டுகிறது" என்றேன். அதற்கு மேல் போகவில்லை.

அப்புறம் எல்லாரையும் உள்ளங்கையைத் திருப்பி மேசை மேல் வைக்கச் சொன்னேன். புறங்கையில் இருந்த வித்தியாசம் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. கேள்வி கேட்ட பெண் பக்கத்துப் பிள்ளையின் கையோடு தன் கையை ஒட்டி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கானானைப் பற்றியும் சொன்னேன். அவனுக்கு வந்த சாபத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை, காமின் சாபம் என்று யாராவது சொன்னால் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள் என்றேன்.

ஜூன் 13, வியாழன்

நான்கு நாளாக வாசிப்புதான். ஜோஷுவா ஸ்வாமிதாஸ் என்ற கணினி உயிரியலாளர் 2019இல் முன்வைத்த வாதம் எனக்குப் புதிது. மரபணு வழி வேறு, வம்ச வழி வேறு என்கிறார். பத்துப் பதினைந்து தலைமுறைக்கு முந்தின பாட்டனின் டிஎன்ஏ ஒரு துளிகூட என்னிடம் இல்லாமல் போகலாம், ஆனாலும் அவர் என் பாட்டன்தான். இன்று வாழும் எல்லாருக்கும் பொதுவான ஒரு மூதாதை சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே இருந்திருக்கக்கூடும் என்று 2004இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு கணக்கு வந்திருக்கிறது. ஆகவே ஆதாமும் ஏவாளும் நிஜமாகவே வாழ்ந்து, ஏதேன் தோட்டத்துக்கு வெளியே வேறு மனிதர்களும் இருந்து, வம்சங்கள் கலந்து, இன்றைக்கு எல்லாரும் அவர்கள் சந்ததியாக இருப்பதை அறிவியல் மறுக்க முடியாது என்கிறார். ஆதாமின் மகன் காயீன் யாருக்குப் பயந்தான், யாரைக் கட்டினான் என்ற பழைய கேள்விக்கும் இதில் இடம் கிடைக்கிறது.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் உண்டு என்று 1655இல் ஐசக் லா பெய்ரேர் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். புத்தகத்தை எரித்தார்கள், அவரும் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அடிமை முறையை ஆதரித்தவர்கள் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, கறுப்பர்கள் ஆதாமின் பிள்ளைகளே இல்லை என்றார்கள். 1965இல்கூட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு நீதிபதி, தேவன் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், கலக்கக் கூடாது என்பதே அவர் நோக்கம் என்று எழுதினார். ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங் தம்பதியின் கலப்புத் திருமண வழக்கு அது. 1967இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆதாமின் காலம், எண்ணிக்கை இரண்டிலும் எனக்கு விடை முழுசாகக் கிடைக்கவில்லை. அதோடு இருந்துவிட என்னால் முடியும். "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று அப்போஸ்தலன் பவுல் சொன்னதை மட்டும் விட முடியாது. மரபியலும் அதற்கு எதிராகப் பேசவில்லை. மனிதருக்குள் இருக்கிற மொத்த மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் 1972லேயே கணக்கிட்டார். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் டிஎன்ஏ எழுத்துகள் ஏறக்குறைய 99.9 சதவீதம் ஒன்றுதான்.

ஜூன் 16, ஞாயிறு

அந்தப் பையனின் நம்பர் கிடைத்துவிட்டது. இப்போது வேலைக்குப் போகிறான். மதியம் கூப்பிட்டேன். குரல் கனத்துப் போயிருந்தது, "டீச்சர்" என்று சொன்ன விதம் மட்டும் அப்படியே.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, வேதத்தில் அப்படி இல்லை, என்னை மன்னித்துவிடு தம்பி என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதை நான் வீட்ல யாருக்கும் சொல்லல டீச்சர்" என்றான். மறந்திருப்பான் என்று ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கேட்டான். "காம் இல்லையா? வேற யாரு?"

"கானான்."

"எந்த வசனம்?"

"ஆதியாகமம் 9:25."

இருங்க டீச்சர் என்றான். போனைக் கீழே வைக்கிற சத்தமும், அப்புறம் பக்கங்கள் புரள்கிற சத்தமும் கேட்டன.