23-ம் யோவான்: ஒரே பெயர், இரண்டு கல்லறைகள்

வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் வலப்பக்கம், மரியா இயேசுவின் உடலை மடியில் ஏந்திய பியேத்தா சிலை முன்பு தேங்கிவிடும். அதைக் கடந்து, இரண்டாம் யோவான் பவுலின் கல்லறை உள்ள சிற்றாலயத்தையும் தாண்டி, அதே பக்கமாகக் குவிமாடத்தை நோக்கிப் போனால் புனித எரோணிமுஸ் பலிபீடம் வரும். அதன் அடியில், கண்ணாடிப் பேழைக்குள் திருத்தந்தை (போப்) புனித 23-ம் யோவானின் உடல். வெண்மயிர் விளிம்பு வைத்த சிவப்பு வெல்வெட் தொப்பி. நேற்று கண்மூடியவர் போன்ற முகம்.

இங்கே நிற்கும் பத்துப் பேரில் ஒருவராவது "அழியா உடல்" என்று சொல்லக் கேட்கலாம். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. 1963 ஜூன் 3-ல் இறந்தவரின் பெட்டியை 2001 ஜனவரியில் திறந்தபோது முகம் சிதையாமல் இருந்தது உண்மை. ஆனால் இறந்தவுடன் உடலில் பதப்படுத்தும் திரவம் செலுத்தியிருந்தார்கள். ஃபார்மலின் திசுக்களின் புரதத்தை இறுக்கிவிடுவதால் கிருமிகள் அதைத் தின்ன முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள். அதில் ஈயப் பெட்டி காற்றை உள்ளே விடாது. புதுமை, அதாவது அற்புதம், என்று சொல்ல இடமில்லை என்பதை வத்திக்கானே தெளிவாக்கியது. இப்போது நாம் பார்ப்பது முகத்தின் மேல் பூசிய மெல்லிய மெழுகு. இடப்பக்கம் காணிக்கை அன்னை சிற்றாலயத்தில் இருக்கும் திருத்தந்தை 10-ம் பயஸுக்கு முகத்திலும் கைகளிலும் உலோக உறை. உறையைப் பார்த்து உடலைத் தீர்மானிப்பதுதான் பயணிகள் வழக்கமாகச் செய்யும் தவறு. 18-ம் நூற்றாண்டில் 14-ம் பெனடிக்ட் புனிதர் பட்ட நடைமுறைகளை எழுதியபோதே, பதப்படுத்திய உடலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அழியாமை இன்று புனிதர் பட்டத்துக்கான புதுமையாக எண்ணப்படுவதும் இல்லை.

நடைமுறை: புதன் காலையில் சதுக்கத்தில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடந்தால் பேராலயம் மதியம்வரை திறக்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். நுழைவு இலவசம், குவிமாடம் ஏறத்தான் கட்டணம். காலை 7 மணிக்கே போனால் வரிசை தொல்லை குறைவு.

இனி 23 என்ற எண்ணுக்கு வருவோம். ஃபிளாரன்ஸ் நகரத் திருமுழுக்கு ஆலயத்தில் இன்னொரு 23-ம் யோவான் இருக்கிறார்: பல்தசாரே கோசா. சிற்பிகள் தொனத்தெல்லோவும் மிக்கலோட்சோவும் செய்த அந்தக் கல்லறையில் "முன்னாள் திருத்தந்தை 23-ம் யோவான்" என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. அப்போதைய திருத்தந்தை 5-ம் மார்ட்டினுக்கு இது பிடிக்கவேயில்லை. பிடிக்காததில் நியாயமும் உண்டு.

1378-ல் தொடங்கிய திருச்சபைப் பிளவில் தாமே திருத்தந்தை என்று ரோமில் ஒருவர், பிரான்சின் அவிஞ்ஞோனில் ஒருவர். பீசாவில் கூடிய திருச்சபைச் சங்கம் 1409-ல் சமரசம் செய்யப்போய் மூன்றாமவரை உண்டாக்கியது. அவர் இறந்ததும் 1410-ல் அந்த இடத்துக்கு வந்தவர் கோசா. கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் 1415 மே மாதம் அவரை நீக்கியது. ரோமின் 12-ம் கிரகோரி ஜூலையில் தாமாகவே விலகினார். விலகுமுன் சங்கத்தைத் தம் பெயரில் கூட்டுவித்தார். திருத்தந்தையர் வரிசையின் முறைமை, அதாவது சட்டப்படியான உரிமை, இழை அறுபடாமல் இருக்க இதுவே காரணம் என்று ரோம் கருதுகிறது. 1417 நவம்பர் 11-ல் 5-ம் மார்ட்டின் தேர்வானார். 1958-ல் ரொங்கால்லி (நாம் முதலில் பார்த்த 23-ம் யோவானின் இயற்பெயர்) அதே எண்ணைத் துணிந்து எடுத்ததும் கோசா எதிர்த் திருத்தந்தை, அதாவது முறையற்றவர், என்பது நடைமுறையில் உறுதியானது. (எண்வரிசை அப்பழுக்கற்றது என்று நினைக்க வேண்டாம்: 20-ம் யோவான் என்று ஒருவர் இருந்ததே இல்லை. பீசா சங்கம் தேர்ந்த 5-ம் அலெக்சாண்டரைக் கழித்த பிறகும், பின்னாளில் வந்த போர்ஜியா குடும்பத் திருத்தந்தை 6-ம் அலெக்சாண்டராகவே நிற்கிறார்.)

ஆக, திருத்தந்தையின் முறைமை தேர்தலிலும் ஏற்பிலும் தங்கியிருக்கிறது. உடல் எப்படி இருக்கிறது, ஆள் எவ்வளவு புனிதர் என்பதில் அல்ல. 1996-ன் தேர்தல் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பணம் கொடுத்து வாக்கு வாங்கியிருந்தால் அந்தக் குற்றத்தில் பங்குகொண்ட எல்லாருக்கும் திருச்சபை விலக்கம் உண்டு, ஆனால் தேர்தல் செல்லும்.

புனிதர்களே அன்று இரு பக்கமும் நின்றார்கள். சியன்னா நகர் கத்தரீன் ரோமின் 6-ம் உர்பானுக்காக வாதாடினார். வின்சென்ட் ஃபெரர் பல்லாண்டு அவிஞ்ஞோனின் 13-ம் பெனடிக்ட் பக்கம் இருந்து, 1416-ல் கைவிட்டார். இருவரும் பீடத்தில் வணங்கப்படுகிறவர்கள். கத்தரீனைக் காண ரோமில் பாந்தியோனுக்குப் பின்னால், யானைச் சிலை நிற்கும் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்துக்குப் போகவேண்டும். முதன்மைப் பீடத்தின் அடியில் படுத்திருப்பது பளிங்குச் சிலை. அதை உடல் என்று எண்ணிப் படமெடுப்பவர்கள் உண்டு. தலை இங்கில்லை, சியன்னாவின் சான் தொமேனிக்கோ ஆலயத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.