அடுப்பு எரியாத வீட்டின் புகைபோக்கி

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கும் ஒரு பயம் உண்டு. ஆணி அடிக்கக்கூடக் கவுன்சிலைக் கேட்க வேண்டும், எதற்கு வம்பு என்று கூரை ஒழுகினாலும் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் புகைபோக்கியைச் சரிசெய்ததில் எனக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட நேர் எதிரானது. இருப்பதை இருப்பது போலவே பழுதுபார்க்கப் பெரும்பாலும் யாரிடமும் கேட்க வேண்டாம். இடிக்கத்தான் கேட்க வேண்டும். உண்மையான தலைவலி சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமிருந்து வருகிறது.

வீடு ஸ்டாம்ஃபோர்டு நகர மையத்தில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. பீட்டர்பரோவில் வேலை, ரயிலில் போய்வர வசதி என்று வாங்கினோம். 1967இல் சட்டம் வந்ததும் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பாதுகாப்புப் பகுதியாக, அதாவது பழமை மாறாமல் காக்க வேண்டிய பகுதியாக, அறிவிக்கப்பட்டது இந்த ஊர்தான். சுண்ணாம்புக்கல் சுவர்கள், காலிவெஸ்டன் கல் ஓடுகள், அவற்றுக்கு மேலே புகைபோக்கிகள். வெல்லண்ட் ஆற்றங்கரைப் புல்வெளியில் நின்று பார்த்தால் தேவாலயக் கோபுரங்களுக்கு இடையில் அந்தப் புகைபோக்கிகள்தான் கண்ணில் படும். எங்கள் வரிசை தனியாக, காக்க வேண்டிய பழங்கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலிலும் இருக்கிறது.

முதலில் தெரிந்தது மாடியில், படுக்கையறையில் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்புச் சுவரில் பழுப்பு நிறக் கறை. பெயிண்ட் அடித்தால் மறுபடி வந்தது. மழை நாட்களில் கறை ஈரமாகும், வெயிலில் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து தொலைநோக்கியால் பார்த்தபோது புகைபோக்கித் தூண் லேசாகச் சாய்ந்திருந்தது. மேல் வரிசைச் செங்கற்களில் முகம் உதிர்ந்து போயிருந்தது.

கூரை வேலை செய்யும் ஒருவரை வரவழைத்தோம். ஏணியில் ஏறி இறங்கியவர், "யாரும் பயன்படுத்தாத சாமான். கூரை மட்டத்துக்குக் கீழே எடுத்துவிட்டு ஓடு போட்டு மூடிவிடலாம். ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடுவேன், யாருக்கும் தெரியாது" என்றார். ஊரிலிருந்து அம்மாவும் போனில் அதையேதான் கேட்டாள்: "ஏன்டா, அடுப்பே எரியல, புகைபோக்கிக்கு எதுக்குடா இவ்வளவு செலவு?"

கூரைக்காரர் சொன்னதில் சிக்கல் இருந்தது. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, சிறைத்தண்டனையும் உண்டு. அதைவிட முக்கியமானது, திரும்பக் கட்டச் சொல்லி உத்தரவு போடுவதற்குக் காலக்கெடு கிடையாது. இருபது வருடம் கழித்து வீட்டை வாங்கியவர் தலையிலும் அது விழலாம். விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

சரி, ஏன் சாய்ந்தது என்று தெரியாமல் சரிசெய்ய முடியாதே. 1877இல் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் தொலைபேசியில் இலவசமாகத் தொழில்நுட்ப ஆலோசனை தருகிறது. அங்கே கேட்டதும், பிறகு வேலைக்கு அமர்த்திய கொத்தனார் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்தன. தலைமுறை தலைமுறையாக நிலக்கரி எரித்த புகைக்குழலின் உள்சுவரில் கந்தகம் கலந்த கரி படிந்திருக்கும். நெருப்பு எரிந்தவரை அந்தச் சூடே மழை ஈரத்தை உலர்த்திவிட்டது. 1952 லண்டன் புகைமூட்டம், நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்திய 1956 தூய காற்றுச் சட்டம், அப்புறம் எரிவாயுச் சூடேற்றி என்று காலம் மாறிக் கணப்புகள் அணைந்தன. குழல் குளிர்ந்து, திறந்த வாய் வழியே மழை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரமும் கந்தக உப்பும் சேர்ந்து சிமென்ட் கலவையை உப்ப வைக்கும். எந்தப் பக்கம் அதிகம் நனைகிறதோ அந்தப் பக்கம் உயர்ந்து, தூண் மறுபக்கம் வளையும். எங்கள் தூணில் சுண்ணாம்பு இணைப்புகளுக்கு மேல் யாரோ ஒரு காலத்தில் சிமென்டை அப்பியிருந்தார்கள். சிமென்ட் கெட்டி, பழைய செங்கல் மிருது. உள்ளே போன நீர் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே வரும். உறைபனியில் அந்த நீர் பனிக்கட்டியாகி செங்கல் முகத்தைப் பிய்த்துத் தள்ளிவிடும். பலமாக இருக்கட்டும் என்று செய்த வேலைதான் பாதிக் கேட்டுக்குக் காரணம்.

தூணின் தலையில் எட்டுச் சுடுமண் குழாய்கள். நான்கு எங்களுடையவை, நான்கு பக்கத்து வீட்டுடையவை. ஒரு குழாய் என்றால் கீழே ஓர் அறையில் ஒரு கணப்பு. 1662 முதல் 1689 வரை இந்த நாட்டில் கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி வாங்கினார்கள். எங்கள் வீடு அதற்குப் பிந்தியது, ஆனாலும் புகைபோக்கியை எண்ணினால் வீட்டுக்காரரின் வசதி தெரியும் என்பது மாறவில்லை. இன்றைக்குப் புதுக் குடியிருப்புகளில் ஃபைபர் கிளாஸில் பொய்ப் புகைபோக்கி செய்து கிரேனால் தூக்கி ஒட்டுகிறார்கள். நிஜமாக இருப்பதை இடிப்பதற்கு நாம் ஆள் தேடுகிறோம்.

கவுன்சிலின் கட்டடப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதும்போது "புகைபோக்கியில் வேலை செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். படங்கள் எடுத்து, எந்த வரிசைச் செங்கல் எப்படி இருக்கிறது, என்ன கலவை போடப் போகிறோம் என்று எழுதி, இது பழுதுபார்ப்பா மாற்றமா என்று கேட்டேன். பதில் தெளிவாக வந்தது. சிமென்டைக் கையால் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புக் கலவை நிரப்புவது, உதிர்ந்த செங்கலுக்கு அதே அளவு, அதே நிறத்தில் மாற்று வைப்பது, இவை பழுதுபார்ப்பு. அனுமதி வேண்டாம். ஆனால் சாய்ந்த மேல்பகுதியைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதாக இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். எங்களுக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. வரைபடம், படங்கள், கட்டடத்தின் முக்கியத்துவம் பற்றிய ஒரு அறிக்கை. அந்த அறிக்கைக்கு ஆலோசகர்கள் நல்ல தொகை கேட்டார்கள். நானே எழுதிவிட்டேன். வரிசையில் இந்தத் தூண் எங்கே நிற்கிறது, தெருவிலிருந்து எப்படித் தெரிகிறது, எதை அப்படியே வைக்கிறோம், எதை மாற்றுகிறோம், ஏன். இரண்டு பக்கம் போதுமாக இருந்தது. முடிவு சொல்ல எட்டு வாரம் என்பது விதி. கொஞ்சம் கூடவே ஆனது. நிபந்தனைகள் நியாயமானவை: பழைய செங்கலில் நல்லவற்றைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், உயரம் குறையக் கூடாது, கலவை மாதிரியை முதலில் காட்ட வேண்டும்.

இனி பக்கத்து வீடு. தூணின் நடுவில் எல்லைக்கோடு ஓடுகிறது, பாதி அவருடையது. கீழே கடை, மேலே வாடகைக்கு ஆட்கள், உரிமையாளர் வேறு ஊரில். நிலப்பதிவு அலுவலக இணையதளத்தில் சில பவுண்டு கட்டி அவர் முகவரியைக் கண்டுபிடித்தேன். பொதுச் சுவர் சட்டம், 1996இன்படி இரண்டு மாதம் முன்பே அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 14 நாளில் சம்மதம் எழுதித் தந்தால் சரி. பேசாமல் இருந்தாலும் தகராறு என்றே கணக்கு, அப்புறம் இரு தரப்புக்கும் சர்வேயர், அவர்களுக்குச் சம்பளம்.

அதனால் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் போன் செய்தேன். "இடித்துவிடுவோம், பாதிச் செலவு நான் தருகிறேன்" என்றார். அனுமதி கிடைக்காது என்றேன். பட்டியல் குறிப்பை வாசித்துவிட்டு வந்து, "அதில் வாசல், ஜன்னல் பற்றித்தான் இருக்கிறது, புகைபோக்கி என்ற பேச்சே இல்லையே" என்றார். குறிப்பு கட்டடத்தை அடையாளம் காட்டத்தான். எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் உள்ளும் புறமும் முழுக் கட்டடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. அதுவும் அவரை அசைக்கவில்லை. அசைத்தது கணக்குதான். இடித்தாலும் சாரம் கட்ட வேண்டும், திரும்பக் கட்டினாலும் அதே சாரம். செலவில் பாதிக்கு மேல் சாரம்தான். இடித்தால் அந்த ஓட்டையை மூடக் காலிவெஸ்டன் கல் ஓடு வேண்டும். கல்லை நனைத்து வைத்து உறைபனி பிளக்கட்டும் என்று காத்திருந்து செய்த ஓடு அது. குளிர்காலங்கள் மிதமாகி அந்தத் தொழிலே படுத்து, இப்போதுதான் குளிரூட்டும் அறையில் வைத்துப் பிளக்கும் முறை வந்திருக்கிறது. விலை மலிவில்லை, அடுக்கத் தெரிந்தவர்களும் குறைவு. இரண்டு மதிப்பீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். வித்தியாசம் அவர் நினைத்ததில் சிறு பங்குகூட இல்லை. அவருடைய நான்கு குழல்களையும் சேர்த்தே செய்வது, சாரம் சரிபாதி என்று எழுதிக் கையெழுத்தானது.

எப்போது செய்வது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானித்தன. வசந்தத்தில் ஜாக்டா என்ற சின்ன காக்கைகள் புகைக்குழலுக்குள் சுள்ளி திணித்துக் கூடு கட்டும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைத் தொடக் கூடாது, 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. இலையுதிர்காலம் முற்றினால் குளிர். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்புக் கலவை சரியாகப் பிடிக்காது. ஆகஸ்டும் செப்டம்பரும்தான் மிச்சம். நல்ல சுண்ணாம்புக் கொத்தனார்களுக்கு அந்த இரண்டு மாதமும் குளிர்காலத்திலேயே பதிவாகிவிடும். அனுமதி வரட்டும் என்று காத்திராமல் முன்பணம் கொடுத்து நாளைப் பிடித்து வைத்தது உதவியது.

நடைபாதையில் சாரக்கால் ஊன்றக் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்தின் நெடுஞ்சாலைப் பிரிவு உரிமம் தர வேண்டும், அதைச் சாரக்காரரே வாங்கிவிட்டார். கல் ஓட்டின் மேல் பாரம் இறங்காமல் பலகை பரப்பிக் கட்டினார்கள். தூணைச் சுற்றி இறுக்கியிருந்த கம்பியும் பழைய டிவி ஆன்டெனாவும் முதலில் இறங்கின. காற்றடிக்கும் போதெல்லாம் அந்தக் கம்பம் செங்கல்லை நெம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் படம் பார்ப்பவர் யாரும் இல்லை.

பிரித்தபோது, குழல்களைப் பிரிக்கும் உள்சுவர்களில் இரண்டு சரிந்து ஒரு குழலை அடைத்திருந்தன. இன்னொன்றில் இரண்டு சாக்கு சுள்ளி. செங்கற்களை எண் போட்டு அடுக்கி, முகம் போனவற்றைத் திருப்பி வைத்து, குறைந்ததற்கு ஒரு பழைய சாமான் கிடங்கில் வாங்கினோம். கிடங்குக்கு அளவுகோலோடு போங்கள். பழைய செங்கல் இன்றைய செங்கல்லைவிடப் பருமனில் வேறுபடும், கால் அங்குலம் தவறினாலும் வரிசை மட்டம் தப்பும். விரிசல் விட்ட ஒரு குழாய்க்குச் சோடி அங்கேயே கிடைத்தது. நீர் பட்டால் இறுகும் இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பும் கூர்மணலும் கலந்த கலவை, அதன் மேல் ஈரச் சாக்கு. வெயில் அடித்தால் மறுபடி நனைக்க வேண்டும். கொத்தனார் ஞாயிற்றுக்கிழமையும் வந்து நனைத்துவிட்டுப் போனார். தூண் கல் ஓட்டைச் சேரும் இடத்தில் இந்த ஊர் வழக்கப்படி ஈயத்தகடு இல்லை, சுண்ணாம்புக் காரை விளிம்புதான்.

குழாய்களின் வாயை முழுவதுமாக அடைக்கக் கூடாது. மழை புகாமல் காற்று போகும் சுடுமண் மூடி மேலே, அடைத்த கணப்பில் சிறு காற்றுச்சாளரம் கீழே. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் உள்ளே ஈரம் தங்கிக் கரி உப்பு மறுபடி சுவருக்கு வரும்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றும் தரவில்லை. காலப்போக்கில் வந்த தேய்மானம், விபத்து அல்ல என்றார்கள். பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. 2012 அக்டோபர் வரை பட்டியல் வீட்டில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு வாட் வரி இல்லை, பழுதுபார்ப்புக்கு மட்டும் உண்டு. இப்போது இரண்டுக்கும் 20 சதவீதம். புதிதாக வீடு கட்டினால் பூஜ்யம். இதை எந்த மூளை யோசித்ததோ.

படுக்கையறைக் கறை உடனே போகவில்லை. புது ஈரம் நின்றாலும் பூச்சில் ஊறிய உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு குளிர்காலம் உலரவிட்டு, அந்த இடத்துப் பூச்சை மட்டும் செங்கல்வரை கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். பக்கத்து வீட்டு உரிமையாளருக்கும் அதைச் சொன்னேன். வாடகைக்காரர்கள் காலி செய்யும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.