முடிதிருத்துநர் சான்றிதழ்: கத்திக்கு முன்னால் சோப்பு

சின்னம்மா பையன் வளைகுடா வேலைக்குப் பேப்பர் தயார் செய்கிறான். "அண்ணா, முடிவெட்டுக்குச் சர்டிபிகேட் தர்ற அந்த டெஸ்ட்ல என்னதான் கேப்பாங்க?" என்று வாரத்துக்கு ஒரு போன். அவனைப் போல இன்னும் நாலு பேர் கேட்டாச்சு. ஒரேடியாக எழுதிவிடுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கடை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பஸ் போர்டில் மலையாளமும் பஸ்ஸுக்குள் தமிழுமாக ஓடுகிற ஊர். அப்பா வைத்த கடை. நான் கத்தி பிடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த தைரியத்தில்தான் படிக்காமல் போய் வழுக்கினேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் நாட்டில் முடி வெட்டுகிற ஆளுக்கென்று கட்டாய லைசென்ஸ் கிடையாது. கலிபோர்னியா மாதிரி இடங்களில் 1,000 மணி நேரம் படித்து, தேர்விலும் தேறினால்தான் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவே முடியும். இங்கே லைசென்ஸ் கடைக்கு. அதைப் பஞ்சாயத்தில் எடுக்கணும். கேரளத்தில் இப்போது உள்ளாட்சிகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாக விண்ணப்பம். முடிக் கழிவை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலோடு போங்கள், நான் முழித்த மாதிரி முழிக்காதீர்கள்.

ஆளுக்குக் கிடைப்பது திறன் சான்றிதழ். நான் போனது பிஎம் விஸ்வகர்மா வழியாக, கைத்தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் அது. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய திட்டம், 18 தொழில்களில் நம்முடையதும் ஒன்று. 18 வயது நிறைந்திருக்கணும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான், குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். கல்யாணமாகித் தனிக்குடும்பமாக இருக்கிற அண்ணன் தம்பி தனித்தனியாகப் போடலாம். பதிவு சிஎஸ்சி என்கிற பொதுச் சேவை மையத்தில், கட்டணம் கிடையாது. அதன்பிறகு பஞ்சாயத்து, மாவட்டக் குழு, கடைசியாக இன்னொரு குழு என்று மூன்று இடத்தில் சரிபார்ப்பார்கள்.

ஆதார் ரேகையில்தான் எனக்கு முதல் அடி. நாளெல்லாம் தண்ணீரிலும் சோப்பு நுரையிலும் ஊறுகிற விரல், மெஷின் எடுக்கவே இல்லை. இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் கடை திறக்கும் முன்பே, கை காய்ந்திருக்கும்போது போனேன், எடுத்துக்கொண்டது.

எல்லை தாண்டி கோபாலபுரம் பக்கம் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு இந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. அங்கே 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக வந்தது, அதற்கு 35 வயது ஆகியிருக்கணும். என் மச்சான் எங்கள் கடையில்தான் வேலை செய்கிறான், ஆனால் அட்டை பொள்ளாச்சி விலாசத்தில் இருக்கிறது. அவன் இங்கேயும் நுழைய முடியவில்லை, அங்கே வயசும் எட்டவில்லை.

இனி பயிற்சி. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள், மொத்தம் 40 மணி நேரம், ஒரு நாளைக்கு 500 ரூபாய் உதவித்தொகை. கடையை மூடிவிட்டுப் போகிறவனுக்கு அது ஈடாகாதுதான். முதல் இரண்டு நாள் நாங்கள் எல்லோரும் பின் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கே சீப்புப் பிடிக்கச் சொல்லித் தருகிறார்களாம்!

கடைசி நாள் மதிப்பீட்டுக்கு வந்தவர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு ஆளை உட்கார வைத்து ஷேவிங் செய்யச் சொன்னார். பிளேடைக் காகிதத்தோடு நீளவாக்கில் மடக்கி டக்கென்று இரண்டாக முறித்தேன். ஒரு பாதியைக் கத்தியில் சொருகினேன், மறு பாதியைக் கண்ணாடித் தட்டில் வைத்தேன்.

"அது யாருக்கு?"

"அடுத்த ஆளுக்குங்க."

"புதுசா பழசான்னு சாயந்தரம் எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. காகிதத்துக்குள்ளேயே மூடி வைத்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. பழைய பிளேடு போடுவதற்கு மூடி உள்ள டப்பா ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். குப்பைக் கூடையில் போட்டால் மார்க் போச்சு. கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். எங்கள் பிளேடு டப்பா முன்பெல்லாம் ஒரு மாதத்துக்கு ஒருமுறைதான் காலியாகும், அதுவும் மூடி இல்லாமல்.

ஷேவிங் முடிந்ததும் பழக்கதோஷத்தில் படிகாரக் கல்லை எடுத்தேன். அவர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். எத்தனை முகம் பார்த்த கல்லோ, நடுவில் தேய்ந்து குழி விழுந்திருந்தது. ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டார். படிகாரம் தப்பில்லை, ஒரே கல்லை எல்லோர் முகத்திலும் தேய்ப்பதுதான் தப்பு. தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்து அடியுங்கள், இல்லாவிட்டால் பஞ்சில் தொட்டு வைத்துப் பஞ்சை எறிந்துவிடுங்கள். பிடரி முடியை வாயால் ஊதியதற்கும் மார்க்கில் ஒரு வெட்டு விழுந்தது. பிரஷ் பக்கத்திலேயே இருந்தது.

வாய்மொழிக் கேள்விகளில் நான் திணறியவற்றை மட்டும் சொல்கிறேன். சீப்பைக் கிருமிநாசினியில் போடும் முன் என்ன செய்யணும்? முடியை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவணும். அழுக்கு இருந்தால் மருந்து உள்ளே போகாது. சுத்தமான ஆல்கஹால் நல்லதா, 70 சதவீதம் நல்லதா? நான் சுத்தமானது என்றேன். தப்பு. கிருமியைக் கொல்ல அதில் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். ஹேர் டைக்கு எப்போது சோதனை? 48 மணி நேரம் முன்னால், காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்க்கணும். கறுப்பு டையில் இருக்கிற பிபிடி என்கிற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்குமளவு ஒவ்வாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வருகிற மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும் பாடு.

அப்புறம் கழுத்து நெட்டி. தலை மசாஜ் முடிந்து கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்பினால்தான் காசு கொடுத்த திருப்தி என்று நினைக்கிற வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் உண்டு. கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அந்தத் திருப்பலில் கிழியலாம், பக்கவாதம் வரைக்கும் போகலாம். "செய்வேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் வீட்டுக்கு வந்த நாளோடு அதை விட்டுவிட்டேன். இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.

எழுத்துக் கேள்விகள் மலையாளத்தில் வந்தன. எனக்குப் பேச வரும், வேகமாகப் படிக்க வராது. தமிழில் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டிருக்கணும். கடைசி நாள் கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தயாராக நான் சொல்லும் வழி ஒன்றுதான்: பத்து நாள் கடையில் ஒவ்வொரு வேலையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கை கழுவினேன், துணி மாற்றினேன், கழுத்துக்கு டிஷ்யூ சுற்றினேன், புது பிளேடு, முப்பது டிகிரி சாய்வு. நம் கைக்கு எல்லாம் தெரியும். அது எந்த வரிசையில் செய்கிறது என்று நமக்குத்தான் தெரியாது. வாடிக்கையாளர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

எனக்கு மார்க் சுமார்தான், ஆனாலும் தேறிவிட்டேன். கருவிகளுக்கு 15,000 ரூபாய் வவுச்சர் உண்டு. கடன் முதல் தவணை 1 லட்சம் வரை, 5 சதவீத வட்டி, 18 மாதத்தில் கட்டணும். நான் இன்னும் எடுக்கவில்லை, சாய்வு நாற்காலிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். படிகாரக் கல்லை அப்பா வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். அவர் முகத்துக்கு மட்டும் வெளியே வருகிறது.