ஜனவரி 3 முதல் ஜனவரி 8 வரை

அமெரிக்காவின் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள ஆட்டக்காரர்) ரிக்கார்டோ பெபி ஜெர்மானியக் கால்பந்து கிளப்பான ஆக்ஸ்பர்க் போனது தப்பு என்று 2022-இல் சொல்வது சுலபமாக இருந்தது. இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சரிதான் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை.

2022 ஜனவரி 3 அன்று ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 8-ஆம் தேதி ஹோஃபன்ஹைம் மைதானத்தில் மாற்று ஆட்டக்காரராக இறக்கிவிட்டார்கள். அணி 3-1 என்று தோற்றது. மறுநாள் பையனுக்கு 19 வயது நிறைந்தது. நடுவே இருந்த அந்த ஐந்து நாட்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறேன். அங்கேயே எல்லாம் முடிவாகிவிட்டதா, அல்லது பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்ட பின் நாமாக அந்த நாட்களின் மேல் பாரத்தை ஏற்றுகிறோமா?

கணக்கை முதலில் பார்க்கலாம். அதுவரை அவர் ஆடிய அமெரிக்க கிளப்பான டல்லாஸின் பருவம் நவம்பர் 7-இல் முடிந்துவிட்டது. நவம்பர் 16-இல் ஜமைக்காவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். அதன்பின் ஏழு வாரத்துக்கு மேல் போட்டி ஆட்டமே இல்லை. அமெரிக்க லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும். ஜெர்மானிய லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை போகும். ஜனவரியில் ஒரு அமெரிக்கர் வந்து இறங்கும்போது அவர் உடம்பு பருவம் முடித்த உடம்பு. எதிரே நிற்பவர்களோ பாதிப் பருவம் ஓடிச் சூடேறியவர்கள்.

பருவத்துக்கு முந்தைய ஐந்தாறு வாரப் பயிற்சியின் அருமை அது கிடைக்காதபோதுதான் தெரியும். எந்தச் சமயத்தில் எதிரணியின் பாதுகாப்பாளரை நெருக்க வேண்டும், பந்து பக்கவாட்டுக்குப் போனதும் முதல் ஓட்டம் யாருடையது, கூட நிற்கும் ஸ்ட்ரைக்கர் இறங்கி வந்தால் நான் எங்கே போவது என்பதெல்லாம் அந்த வாரங்களில் நட்பு ஆட்டங்களில் பழகுவது. அங்கே தப்பு செய்தால் புள்ளி போகாது. ஜனவரியில் வருபவருக்கு எல்லாத் தப்பும் புள்ளிப் பட்டியலில் ஏறும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை. 18 வயது ஆகாதவரை வேறு நாட்டு கிளப்பில் பதிவு செய்ய ஃபிஃபா விதி பொதுவாக இடம் தராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயதிலிருந்து வழி உண்டு. இன்னொரு அமெரிக்கரான கிறிஸ்டியன் புலிசிச் தாத்தா வழியாகக் குரோஷியக் குடியுரிமை பெற்று 16 வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனார். ஓராண்டு அங்கே இளையோர் அணிகளில் ஆடினார். 2016 ஜனவரியில்தான் முதல் அணிக்கு வந்தார். பெபி டெக்சஸின் எல் பாசோவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு அந்தக் கதவு இல்லை. புலிசிச் யார் கண்ணிலும் படாமல் கற்றுக்கொண்டதை இவர், கிளப்பின் வரலாற்றிலேயே அதிக விலை என்ற பட்டத்தோடு, மைதானத்தில் எல்லோர் முன்னாலும் கற்க வேண்டியிருந்தது. விலை ஏறத்தாழ 2 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின.

அந்த முடிவை நான் குறை சொல்லத் தயங்குவதற்குக் காரணம், அது எல்லோரும் சொன்ன அறிவுரைப்படி எடுத்த முடிவு. பெரிய கிளப்புக்குப் போய் பெஞ்சில் உட்காராதே, ஆட இடம் கிடைக்கும் கிளப்புக்குப் போ. வெளிநாடு போகும் எந்த இளைஞனுக்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான். ஆக்ஸ்பர்க் சிறிய கிளப். கீழ் லீக்குக்கு இறக்கப்படும் ஆபத்தில் இருந்தது, கோல் அடிக்க ஆள் தேவைப்பட்டது. 2021 பருவத்தில் டல்லாஸுக்கு 13 லீக் கோல் அடித்தவர், ஹோண்டுராஸ், ஜமைக்கா அணிகளுக்கு எதிராக முதல் இரண்டு தேசிய ஆட்டங்களில் மூன்று கோல் போட்டவர், அங்கே ஆடமாட்டாரா என்ன?

ஆனால் கீழ்த்தட்டில் தத்தளிக்கும் அணியில் ஸ்ட்ரைக்கர் வேலை வேறு. அந்த அணியிடம் பந்து குறைவாக இருக்கும். வரும் பந்தும் பெரும்பாலும் நெடும்பந்து. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் இடிக்கும் பாதுகாப்பாளரைத் தாங்கி, தோழர்கள் வந்து சேரும்வரை மூன்று விநாடி பந்தைக் காக்க வேண்டும். பெபியின் பலம் அதுவல்ல. கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் பாதுகாப்பாளரின் பின்தோளில் மறைந்து நின்று, பக்கவாட்டிலிருந்து குறுக்குப் பந்து கிளம்பும் நொடியில் முன்னே பாய்ந்து ஒரே தொடுதலில் முடிப்பவர் அவர். அதற்குக் குறுக்குப் பந்து வர வேண்டும், அடிக்கடி வர வேண்டும். ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை வந்தால் போதாது.

பெஞ்சின் கணக்கு இன்னும் கடுமை. ஜெர்மனியில் ஆட்டநாள் அணி 20 பேர்: 11 பேர் களத்தில், 9 பேர் பெஞ்சில். ஐந்து மாற்றங்கள், மூன்று இடைநிறுத்தங்களில். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் பயந்த அணி அந்த மாற்றங்களைப் பாதுகாப்புக்குச் செலவழிக்கும். பின்தங்கியிருந்தால் ஸ்ட்ரைக்கரை இறக்கும். அப்போது எதிரணி மொத்தமும் தன் பெட்டிக்கு முன் சுவர் கட்டியிருக்கும், ஓடி நுழைய இடமே இருக்காது. பத்து ஆட்டத்தில் தலா 15 நிமிடம் என்று வைத்தாலும் 150 நிமிடம், இரண்டு முழு ஆட்டம்கூட இல்லை.

உடம்பும் இதில் மாட்டிக்கொள்கிறது. முழு வேக ஓட்டத்தில் பெரும்பங்கு ஆட்டத்தில்தான் கிடைக்கும், வாரப் பயிற்சியில் அந்த அளவு வராது. அதனால் குறைவாக ஆடியவர்களுக்கு மறுநாள் ஈடுகட்டும் பயிற்சி வைப்பார்கள்: நீள ஓட்டங்கள், சிறு களத்தில் நாலுக்கு நாலு, கோல் முன் முடிப்பு. முதல் பதினொருவர் அப்போது சைக்கிளில் மெதுவாக மிதித்துக்கொண்டிருப்பார்கள். ஈடு கட்டலாம், ஆனால் ஆட்டத்தின் முடிவெடுக்கும் அவசரத்தை எந்தப் பயிற்சியிலும் உண்டாக்க முடியாது. சில மாதம் இப்படிப் போனால் ஸ்ட்ரைக்கர் அரை நொடி தாமதமாகிறார். பிறகு கோல் விழுவதில்லை. கோல் விழவில்லை என்பதால் நிமிடம் குறைகிறது.

ஆக்ஸ்பர்க்கில் இரு பருவமும் சேர்த்து 15 லீக் ஆட்டம். ஒரு கோல்கூட இல்லை. அவர் வந்த 2021-22 பருவத்தில் ஆக்ஸ்பர்க் 14-ஆம் இடத்தில் தப்பித்தது. அவரை வரவேற்ற பயிற்சியாளர் மார்கஸ் வைன்சியர்ல் மே மாதமே விலகிவிட்டார்.

ஆக, ஜனவரியில் போகாதே என்பதுதான் பாடம் என்று ஒரு காலத்தில் நான் உறுதியாக நம்பினேன். அந்த உறுதியைக் கெடுத்தவர் டைலர் ஆடம்ஸ். அவரும் 19 வயதில், 2019 ஜனவரியில், அமெரிக்காவிலிருந்து ஜெர்மனி போனவர். லைப்சிக்கில் இறங்கிய வேகத்திலேயே முதல் பதினொன்றில் ஆடினார். அதே மாதம், அதே லீக். வித்தியாசம் என்ன? நியூயார்க்கில் அவர் ஆடிய கிளப்பும் லைப்சிக்கும் ஒரே முதலாளியின் கீழ் ஒரே பாணியில் ஆடியவை. நியூயார்க்கில் அவரை வளர்த்த ஜெஸ்ஸி மார்ஷ் அப்போது லைப்சிக்கில் உதவிப் பயிற்சியாளர். பந்து போனதும் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பது ஆடம்ஸுக்கு விமானம் ஏறும் முன்பே காலில் இருந்தது. நடுக்கள ஆட்டக்காரர் கோலால் அளக்கப்படுவதும் இல்லை. அப்படியானால் குற்றம் மாதத்தின் மேல் இல்லை. ஆனாலும் முழுக்க இல்லை என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. பொருந்திய அணியில் ஐந்து நாள் போதும். பொருந்தாத அணிக்குப் பருவத்துக்கு முந்தைய பயிற்சி மட்டுமே கைகொடுத்திருக்கும்.

2022 ஆகஸ்ட் இறுதியில் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் கிளப்புக்கு இரவல். அந்த நாட்டில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு: 20 வயது ஆனால் லீக் சராசரியில் ஒன்றரை மடங்கு, 18, 19 வயதுக்கு அதில் பாதி. சிறிய கிளப்புக்கு ஒரு பிறந்தநாள்கூடச் செலவுக் கணக்கு. அங்கே ஆட்டம் திறந்தவெளி. பக்கவாட்டிலிருந்து பந்து வந்துகொண்டே இருக்கும். கிட்டத்தட்ட ஓராண்டாக எங்கும் கோல் அடிக்காதவர் செப்டம்பரில் அடித்தார். பருவ முடிவில் 29 லீக் ஆட்டத்தில் 12 கோல், அதுவும் கீழ் லீக்குக்கு இறங்கிப்போன அணியில்.

அந்த நடுவில்தான் நவம்பர் தொலைபேசி அழைப்பு. கத்தார் உலகக் கோப்பைக்கு நீ இல்லை என்று அமெரிக்க அணியின் பயிற்சியாளர் கிரெக் பெர்ஹால்டர் சொல்ல வேண்டியிருந்த அழைப்பு. தகுதிச் சுற்றில் அணியைத் தூக்கிய மூன்று கோல் இவருடையவை. தேர்வானவர்களில் ஒருவர் ஹெசூஸ் ஃபெரெய்ரா, டல்லாஸில் இவர் பக்கத்தில் ஆடியவர், எங்கும் போகாமல் அங்கேயே இருந்து அந்த ஆண்டு 18 லீக் கோல் அடித்தவர். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் வாதம் தடுமாறுகிறது. வீட்டிலேயே இருந்திருந்தால் கத்தார் போயிருப்பார் என்று தோன்றும். பெர்ஹால்டர் பக்கத்தில் நின்று பார்த்தால், இரண்டு மாத நெதர்லாந்து கோல்களை வைத்து அதற்கு முந்தைய கிட்டத்தட்ட ஓராண்டு வறட்சியை மறந்துவிட முடியுமா என்றும் தோன்றும். எனக்குத் தெரிந்த எந்த அளவுகோலும் இதற்குப் பதில் தரவில்லை. அன்று வெளியே நின்றவர் தினமும் ஆடிக்கொண்டும் கோல் அடித்துக்கொண்டும் இருந்தவர் என்பது மட்டும் உறுத்துகிறது. ஆடும் இடத்துக்குப் போ என்ற அறிவுரையைத்தான் இந்த முறையும் அவர் பின்பற்றியிருந்தார்.

அடுத்து அவர் செய்தது அந்த அறிவுரைக்கு நேர் எதிர். 2023 கோடையில் நெதர்லாந்தின் பெரிய கிளப்பான பி.எஸ்.வி. ஐந்தோவன் போனார். அங்கே ஸ்ட்ரைக்கர் லூக் டி யோங் அணித் தலைவர், 33 வயது, அந்தப் பருவத்தில் லீக்கில் 29 கோல் அடித்தவர். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து யாரும் ஒரு இளைஞனை ஆடவிடப் போவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பெபி அந்த ஆண்டு பெரும்பாலும் கடைசி இருபது நிமிடக்காரர். ஆனாலும் லீக்கில் 7 கோல்.

அதே பெஞ்ச்தானே? இல்லை. பி.எஸ்.வி. பெரும்பாலும் முன்னிலையில் இருக்கும் அணி. 70-ஆவது நிமிடத்தில் எதிராளிகள் களைத்திருப்பார்கள், இடைவெளி திறந்திருக்கும், பக்க ஆட்டக்காரர்கள் தொடர்ந்து பந்தை உள்ளே அனுப்புவார்கள். இருபது நிமிடத்தில் அங்கே கிடைக்கும் வாய்ப்பு ஆக்ஸ்பர்க்கில் இரண்டு ஆட்டத்தில் கிடைத்திராது. பி.எஸ்.வி.யில் கால்பந்து இயக்குநராக இருந்த எர்னி ஸ்டூவர்ட் முன்பு அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தில் இருந்தவர். இந்தப் பையன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்று அறிந்தவர். டி யோங் எப்படிப் பின்தூணுக்கு (பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கோல் தூணுக்கு) நகர்கிறார் என்பதைத் தினமும் பயிற்சியில் பக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒரு வகை ஆடும் நேரம்தான் என்று சொல்ல ஆசை. அளந்து காட்ட முடியாததைச் சொல்லக் கூடாது என்ற தயக்கமும் இருக்கிறது.

2023 நவம்பர் 29, செவில்யா. பி.எஸ்.வி. 0-2 பின்தங்கி, 2-2 ஆக்கி, 90 நிமிடத்துக்கு மேல் நடுவர் சேர்த்த நேரத்தில் குறுக்குப் பந்து வந்தது. மாற்றாக இறங்கியிருந்த பெபி தலையால் முட்டினார். 3-2, அணி சாம்பியன்ஸ் லீக்கின் அடுத்த சுற்றுக்குப் போனது. பாதுகாப்பாளரின் பின்தோள், ஒரே தொடுதல். டல்லாஸில் செய்ததேதான். ஆக்ஸ்பர்க்கின் அந்த மாதங்கள் இல்லாமலும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்று நினைத்தால் அந்த மாதங்கள் வெறும் சேதாரம். நடந்திருக்காது என்றால், கோலே இல்லாத அந்தப் பெஞ்சில் அவர் எதையோ கற்றிருக்கிறார், அது என்னவென்று என் கணக்கில் சிக்கவில்லை. காலையில் ஒரு பதில் சரியாகப் படுகிறது, மாலையில் மற்றது.

அடுத்த பருவத்தில் 18 லீக் ஆட்டத்தில் 11 கோல். 2025 ஜனவரி 29 அன்று லிவர்பூலுக்கு எதிராகவும் ஒன்று அடித்தார். அதே ஆட்டத்தில் முழங்காலில் அடி. அறுவை சிகிச்சை, மீதிப் பருவம் முழுக்க வெளியே. மறுபடியும் ஜனவரி. இந்த முறை கிளப் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது.