டிவிடி டிரைவ் தகட்டைப் படிக்காதபோது: ஒரு திருமணப் படத்தை மீட்ட அனுபவம்

அக்காவின் திருமணப் படம் எங்கள் வீட்டில் இரண்டு டிவிடிகளாக மட்டுமே இருந்தது. படம் எடுத்த ஸ்டுடியோ மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விடுமுறைக்கு வந்த அத்தான் அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பி, குளச்சலில் எங்கள் வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் முதல் தகட்டை வைத்தார். தகடு சற்று நேரம் சுழன்றது, உள்ளே டிக் டிக்கென்று ஓசை எழுந்தது, பிறகு எல்லாம் அடங்கி, டிரைவில் தகடு இல்லை என்று திரையில் செய்தி வந்தது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. பற்பசை பிளாஸ்டிக் பரப்பைத் தேய்த்துக் கீறலின் விளிம்பை மழுக்கக்கூடுமே தவிர, வேறெந்தக் கோளாறையும் தீர்க்காது. எங்கள் தகட்டை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது கீறலே தென்படவில்லை.

கோளாறு தகட்டிலா, டிரைவிலா, விண்டோஸிலா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டியிருந்தது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயர் மஞ்சள் முக்கோணக் குறியின்றி ஒழுங்காகவே இருந்தது. அந்தக் குறியோடு 19 அல்லது 39 என்ற பிழை எண் தெரிந்திருந்தால், தகடு எழுதும் மென்பொருள் ஏதேனும் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்சென்ற, டிரைவை இயங்கவிடாமல் தடுக்கக்கூடிய அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவுகளைச் சந்தேகித்திருப்பேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை இயக்கிப் பார்த்தபோதும் டிரைவ் அதேபோல் நடந்துகொண்டதால், விண்டோஸ் மீதான ஐயம் நீங்கியது.

அடுத்து வெவ்வேறு தகடுகளை வைத்துப் பார்த்தேன். பாட்டுச் சிடி உடனே பாடியது. கடையில் வாங்கிய படத்தின் டிவிடி தயங்கித் தயங்கி ஓடியது. கணினியில் எழுதப்பட்ட டிவிடி எதுவுமே ஓடவில்லை. சிடி ஓடுவதால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள், அது சரியன்று. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் லேசர். ஆகவே ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும். சிடியில் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரான் இடைவெளி உண்டு, டிவிடியிலோ 0.74 மைக்ரான்தான், எனவே லென்ஸில் அழுக்குப் படிந்தால் முதலில் தடுமாறுவது டிவிடியே. தொழிற்சாலையில் அச்சிட்ட தகட்டில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும், எழுதப்பட்ட தகட்டிலோ சாயப் படலத்தில் சுட்ட அடையாளங்களே தகவலாக நிற்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் அவை நாளடைவில் மங்குகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில், அதுவும் உப்புக்காற்று வீசும் கரையோரத்தில், இவ்விரு குறைகளும் சேர்ந்தே வருவதில் வியப்பில்லை.

மடிக்கணினி டிரைவில் ஒரு வசதி உண்டு: தகடு வைக்கும் தட்டை வெளியே இழுத்தால் லென்ஸும் கூடவே வந்துவிடும். கணினியை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, முகப்பிலுள்ள சிறு துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைச் செலுத்தித் தட்டைத் திறந்தேன். மிளகளவே உள்ள அந்தக் கண்ணாடித் துளியில் நீல மினுமினுப்பு தெரிய வேண்டும். எங்களுடையதில் வெண்ணிறப் புகை படர்ந்தாற்போல் ஒரு படிவு தெரிந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மிகக் குறைவாகத் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்திற்கு மெல்ல ஒற்றி எடுத்தேன். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது என்பதால் அழுத்தவே கூடாது. நன்கு உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுத்தேன்.

இம்முறை படம் ஓடியது. ஆனால் வரவேற்புக் காட்சிகள் நெருங்கும்போது உறைந்து நின்றது. டிவிடியில் தகவல் நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுவதால் படத்தின் பிற்பகுதி விளிம்பை ஒட்டி இருக்கும். கைவிரல் படுவதும் தகடு சற்றே வளைந்திருந்தால் முதலில் பாதிக்கப்படுவதும் அந்த இடந்தான். சாதாரண முறையில் கோப்புகளை நகலெடுத்தால் படிக்க முடியாத இடம் வந்ததும் வேலை நின்றுவிடுகிறது. ஆகவே லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியை நாடினேன். அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, சிக்கலான இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி மீண்டும் முயல்கிறது. டிவிடியில் தகவல் செக்டார் எனப்படும் சிறு துண்டுகளாக இருக்கும், அதன் அளவான 2048 பைட்டைக் கட்டளையில் குறிப்பிட வேண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அது ஒரு மேப் கோப்பில் எழுதி வைப்பதால், நாகர்கோவிலில் நண்பர் ஒருவரிடமிருந்த யூஎஸ்பி டிவிடி டிரைவில் அதே தகட்டை வைத்து, விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. ஒரு டிரைவ் கைவிட்ட செக்டார்களை மற்றொன்று படித்துவிடுவதை அன்று கண்ணாரக் கண்டேன்.

முதல் தகடு முழுமையாக மீண்டது. இரண்டாவது தகட்டில் சில செக்டார்கள் கிடைக்கவில்லை. அவ்விடங்களில் படம் நொடிப்பொழுது சதுரம் சதுரமாகச் சிதறிப் பின் சரியாகிறது. அதன் மேப் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் உறவினர் வீட்டு மேசைக்கணினியில் பழைய டிரைவ் ஒன்று இருக்கிறதாம், அடுத்து அதில் முயல வேண்டும்.