கிதியோன் ஏன் குழிக்குள் சூடடித்தான்

இந்த மாதம் ஓய்வுநாள் பாடசாலையில் பெரிய பிள்ளைகளுக்கு பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகம் படிப்பிக்கிறேன். கையேட்டில் ஒரு வட்டம் கீறியிருக்கிறது. இஸ்ரவேல் சனம் கர்த்தரை மறக்கும், அவர் எதிரியின் கையில் விடுவார், சனம் கூப்பிடும், அவர் ஒரு இரட்சகனை எழுப்புவார், அவன் செத்ததும் சனம் திரும்பவும் மறக்கும். ஒத்னியேலுக்கு முன் 8 வருட அடிமைத்தனம், பின் 40 வருட அமைதி. மோவாபின் எக்லோனுக்குக் கீழே 18, இடதுகைக்காரன் ஏகூத் வந்தபின் 80. சிசெராவின் 900 இரும்பு ரதங்களுக்குக் கீழே 20, தெபொராளுக்குப் பின் 40. பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிக்கிறார்கள்.

அந்த வட்டத்தோடு எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. போர் முடிந்து, முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சிக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில், கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு இதே வட்டத்தைச் சொல்லி, எங்களுக்கு நடந்ததெல்லாம் கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த சிட்சை என்று முடித்தார். முன்னுக்கு இருந்தவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அன்ரி இருந்த இடத்திலேயே கேட்டா, "தம்பி, நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?" அவர் பதில் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டார்.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கூட முதலில் 7 பகலும் 7 இரவும் அவனோடு தரையில் இருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களில் ஒருவனான எலிப்பாசிடம், நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். எங்கள் பிரசங்கியார் கதிரையை விட்டுக் கீழே இருக்கவேயில்லை.

அதனால் இந்தமுறை வட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு வரி வரியாக வாசித்தேன். தங்களை ஒடுக்கிய மீதியானியருக்குப் பயந்து இஸ்ரவேலர் மலைகளில் ஒளிப்பிடங்களும் கெபிகளும் (குகைகள்) அமைத்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் நான் விளக்கம் சொல்லவேண்டி வரவில்லை. "பங்கர்" என்றான் ஒரு பெடியன். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை, வீட்டில் கேட்டிருக்கிறான். பனங்குற்றி அடுக்கி, சேலையைக் கிழித்துத் தைத்த பைகளில் மண் நிரப்பி மூடிய பங்கர்களுக்குள் இருந்த ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வசனம் லேசாக விளங்கும்.

பிறகு பயிர். மீதியானியர் சும்மா ஒரு நாளில் வருவதில்லை. இஸ்ரவேலர் விதைத்தபிறகு, ஒட்டகங்களோடும் கூடாரங்களோடும் வெட்டுக்கிளிபோல வந்து காசா எல்லைவரை விளைச்சலை அழிக்கிறார்கள். ஆடு, மாடு, கழுதை ஒன்றையும் விடுவதில்லை. இப்படி 7 வருடம். 2009 ஜனவரியில் நாங்கள் வெளிக்கிட்டபோது காலபோக நெல் வயலில் நின்றது. அப்பா கடைசியாய் வரம்பில் ஏறி நின்று பார்த்தார், ஒன்றும் கதைக்கவில்லை. (யார் மீதியானியர் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு எங்கள் ஊரிலேயே ஒரே பதில் கிடைக்காது.)

கிதியோனை நாங்கள் சந்திப்பது திராட்சை மிதிக்கும் ஆலையில். அது பாறையில் குடைந்த பள்ளம். அதற்குள் நின்று கோதுமை சூடடிக்கிறான். சூடடிக்கிற ஆட்களுக்கு இதில் உள்ள அந்தரம் தெரியும். களம் என்றால் வெளியாக, மேடாக, காற்றுப் படுகிற இடமாக இருக்கவேண்டும். குழிக்குள் எப்படித் தூற்றுவது? பதர் எங்கே போகும்? பறிபோகாமல் கொஞ்சத் தானியமாவது மிஞ்சட்டும் என்று செய்கிற வேலை அது. அந்த நேரம் தூதன் வந்து, பராக்கிரமசாலியே, கர்த்தர் உன்னோடு இருக்கிறார் என்கிறான். எனக்கு இது பைபிளில் உள்ள பகிடிகளில் ஒன்று. கிதியோன் திருப்பிக் கேட்கிறான்: அவர் எங்களோடு இருந்தால் இதெல்லாம் எங்களுக்கு ஏன் நேரிட்டது? எங்கள் தகப்பன்மார் சொன்ன அற்புதங்கள் எல்லாம் எங்கே?

இத்தனைக்கும் சில வசனங்களுக்கு முன்னால் பெயரில்லாத ஒரு தீர்க்கதரிசி வந்து, நீங்கள் சொல் கேட்கவில்லை என்று காரணம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதாவது பதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் கிதியோனிடம் அந்தப் பதில் திரும்பச் சொல்லப்படவில்லை. ஏன் கேட்டாய் என்ற அதட்டலும் இல்லை. உனக்கிருக்கிற இந்தப் பலத்தோடு போ என்பதோடு சரி.

அந்தப் புத்தகம் சனத்தின் குற்றத்தை மறைக்கவில்லை, அது உண்மை. ஆனால் குற்றம் சாட்டுகிறவர்கள் யார்? தேசம் சிறைப்பட்டுப் போன நாளைப் பற்றி 18ஆம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது. நாட்டை இழந்தபிறகு தங்கள் கதையைத் தாங்களே திரும்பிப் பார்த்த ஆட்களின் குரல் அதில் இருக்கிறது. அடிபட்டவன் தன் நெஞ்சில் அடித்துக்கொள்கிறான். மோவாபியன் வந்து, உன் பாவத்துக்குத்தான் இது என்று சொன்னதாக எங்கும் இல்லை.

வட்டமும் எல்லா இடத்திலும் வட்டமாக நிற்பதில்லை. 10ஆம் அதிகாரத்தில் கர்த்தரே வெறுத்துப்போய், நீங்கள் தெரிந்துகொண்ட தெய்வங்களிடம் போய்க் கேளுங்கள் என்கிறார். பிறகு அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து அவருக்கே தாங்கவில்லை. சிம்சோன் கதையில் பெலிஸ்தருக்குக் கீழே 40 வருடம் கிடந்தும் சனம் கூப்பிட்டதாக ஒரு வார்த்தை இல்லை, இரட்சிப்பு தானாகத் தொடங்குகிறது. கிதியோனோ 300 பேரோடு வென்றபின், பிடித்த நகையில் 1,700 சேக்கல் பொன்னை வாங்கி ஒரு ஏபோத்தை (ஆசாரியர் அணிகிற உடை) செய்து வைக்க, அதுவே ஊருக்குக் கண்ணியாகிறது. அவன் மகன் அபிமெலேக்கு தன் சகோதரர் 70 பேரை ஒரே கல்லின்மேல் கொல்கிறான். விடுவித்தவனின் வீட்டுக் கதை இது.

வகுப்பு முடிவில் 44ஆம் சங்கீதத்தை எடுக்கச் சொன்னேன். இதெல்லாம் எங்கள்மேல் வந்தும் நாங்கள் உம்மை மறக்கவில்லை, உடன்படிக்கையை மீறவுமில்லை, பின்னே ஏன் நித்திரை கொள்கிறீர், எழும்பும் என்று அது கர்த்தரைப் பார்த்தே சத்தம் போடுகிறது. நியாயாதிபதிகள் புத்தகத்தை வைத்திருக்கிற அதே வேதத்தில்தான் இதுவும் இருக்கிறது. பிரசங்கியாரின் பைபிளிலும் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு யெப்தா, இன்னொரு நியாயாதிபதி. கையேட்டில் அவன் அம்மோனியரை வென்றதோடு பாடம் முடிகிறது, மகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் சொல்லத்தான் போகிறேன். வென்றால் வீட்டு வாசலால் எதிரில் வருவதைப் பலியிடுவேன் என்று அவன் நேர்ந்து, மகளே எதிரில் வந்த அந்தப் பொருத்தனையைச் செய்யும்படி கர்த்தர் சொன்னதாக 11ஆம் அதிகாரத்தில் எங்கேயும் இல்லை என்பதையும், இஸ்ரவேல் பெட்டையள் வருடத்துக்கு 4 நாள் அவளுக்காகப் புலம்பப் போனார்கள் என்பதையும்.