"எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தீர்கள்?"

அலபாமாவின் மாண்ட்கோமரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 83 வயதில் ஒருவழியாகப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. 2025 மே 7 முதல் அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்துக்கே, பாஸ்போர்ட் மாதிரி ஒன்று இல்லாவிட்டால், ரியல் ஐடி என்ற அரசு அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். அந்த அட்டை எடுக்கத்தான் பிறப்புச் சான்றிதழ் தேடி ஐந்து மாதம் அலைந்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் நாள் பிறப்புப் பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்தவர், "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். 1942-இல் அலபாமா கிராமத்துக் கறுப்பினப் பெண்ணுக்கு ஏது ஆஸ்பத்திரி? மருத்துவச்சி வந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார். அதைச் சொன்னதும் திருப்பி அனுப்பிவிட்டார். பெற்றோர் பெயரையும் பிறந்த கவுண்டியையும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வைத்தே தேடலாம் என்று அடுத்த தடவை வேறொருவர் சொன்னார். தேடியதில் பதிவே இல்லை. "பதிவு இல்லை" என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறந்து பல வருடம் கழித்துச் செய்யும் தாமதப் பதிவுக்கு அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பதிவுக்கான பழைய ஆதாரங்கள். பாட்டி படித்த கறுப்பினப் பள்ளியை எப்போதோ மூடிவிட்டார்கள். பதிவேடு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 2022 முதல் இணையத்தில் இலவசம். பெயரைத் தட்டித் தேடினால் வரவில்லை. அந்த ஊர்த் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது அகப்பட்டது: வயது 7, பெயரில் பிழை. அதைச் சரிக்கட்டியது பிஸ்கட் டின்னில் நாலாக மடித்திருந்த ஈமச்சடங்கு இன்ஷூரன்ஸ் தாள். வாரா வாரம் சில்லறை கட்டிப் பாட்டியின் அம்மா எடுத்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் தூக்கி எறியாதீர்கள்.

அந்த அம்மா வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரி. 1955 டிசம்பர் 5-இல் மாண்ட்கோமரி பஸ்களின் நிறப் பாகுபாட்டை எதிர்த்துத் தொடங்கிய பஸ் புறக்கணிப்பின் 381 நாளும் நடந்தே வேலைக்குப் போனவர். ராத்திரி வெந்நீரில் அவர் காலைத் தேய்த்துவிடுவது 13 வயதுப் பாட்டியின் வேலை. அந்த வீட்டுப் பொடிசுகள்கூட அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுமாம்.

கடைசி முறை போனபோது கவுண்டரில் பாட்டியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாட்டி எழவில்லை. "மேரி ஹாமில்டன் தெரியுமா, பேபி?" என்று என்னைக் கேட்டார். கறுப்பின உரிமைப் போராளி அவர். 1963-இல் அலபாமாவின் காட்ஸ்டன் நீதிமன்றத்தில், வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று மறுத்ததற்காகச் சிறைத்தண்டனை பெற்றவர்; மறுவருடம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான் போய்ச் சொன்னேன். 'மிஸஸ்' சேர்த்துக் குடும்பப் பெயரோடு கூப்பிட்டார்கள். பாட்டி கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

சான்றிதழ் வந்ததும் அம்மா பெயர் இருந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிழை இல்லை.